ஒன்றுபோல உடுத்தும் உரிமை: கல்குளத்திலிருந்து மில்லைப் படித்தல்

1859ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜான் ஸ்டுவர்ட் மில் எழுதிய ‘ஆன் லிபர்ட்டி’ என்னும் சிறு நூல் லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஒரு விளம்பரம் (அரச அறிவிப்பு) பிறப்பித்தார். தெற்குத் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் தங்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றும், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்றும் அந்த விளம்பரம் கூறியது. முதலாவது, உலகெங்கும் அரசியல் தத்துவ வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இரண்டாவது, அன்று தெற்குத் திருவிதாங்கூரில் இருந்த எங்கள் குமரி மாவட்டத்தின் மேடைகளிலும் நினைவுக் கூட்டங்களிலும் பேசப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அப்படிப் படித்தால் மில்லின் நூலில் எந்தப் பக்கம் முக்கியமானது என்பதே மாறிவிடுகிறது என்று நான் கருதுகிறேன். அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான் கல்குளம் வட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பல ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வெளியூர் உறவினர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அதன் மரவேலைப்பாடுகளையும் கருமை மின்னும் தரையையும் வழிகாட்டிகள் விவரிப்பார்கள். அதே பத்மநாபபுரத்தின் நீதிமன்றத்தில்தான் 1823இல், கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டையை அணியலாமா கூடாதா என்ற வழக்கு விசாரிக்கப்பட்டது என்பதை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கில அரசியல் தத்துவத்தை நாங்கள் கற்ற விதத்திலும் இதே விடுபடல் இருந்தது. ஹாப்ஸும் லாக்கும் மில்லும் எங்கோ தொலைவில் நடந்த ஓர் உரையாடலின் பங்காளிகளாகவே எங்களுக்கு அறிமுகமானார்கள்.

மில்லுக்கும் இந்த நாட்டுக்கும் தொலைவு அவ்வளவு அதிகமில்லை. 1823இல், தம் பதினேழாம் வயதில், அவர் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிவுக்கு வரும்வரை, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், அங்கேதான் பணியாற்றினார். அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி சுதேச சமஸ்தானங்கள் தொடர்பான கடிதங்களை வரைவதில் கழிந்தது. இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் மகுடத்துக்கு மாறுவதை எதிர்த்து வாதாடியவர்களில் முக்கியமானவர் அவர். மாற்றம் நிகழ்ந்த பிறகு புதிய இந்தியக் கவுன்சிலில் தரப்பட்ட இடத்தை ஏற்க மறுத்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மனைவி ஹாரியட் டெய்லர் பிரான்சின் அவிஞ்யோன் நகரில் காலமானார். அவரோடு சேர்ந்து பலமுறை திருத்தி எழுதிய நூலை, அவருக்கே காணிக்கையாக்கி, அதன்பின் ஒரு வரியும் மாற்றாமல் மில் வெளியிட்டார். ஆக, சுதந்திரத்தைப் பற்றிய அந்த நூல், இந்தியாவை ஆள்வதற்கான கடிதங்களை எழுதிப் பழகிய கையால் எழுதப்பட்டது. இதை வைத்து அவரை மட்டம்தட்ட நான் விரும்பவில்லை. நூலுக்குள் இருக்கும் ஒரு பிளவுக்குக் காரணம் இங்கே இருக்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

வழக்கமாக அந்த நூல் இப்படிக் கற்பிக்கப்படுகிறது: ஒருவரைக் கட்டுப்படுத்த அரசுக்கோ சமூகத்துக்கோ உள்ள ஒரே நியாயம், அவர் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பது மட்டுமே, அவருடைய சொந்த நன்மை என்பது போதிய காரணம் ஆகாது. தீங்குக் கொள்கை என்று அழைக்கப்படும் இது முதல் அத்தியாயத்தில் வருகிறது. தேர்வுகளில் கேட்கப்படுவதும் இதுவே. அந்தக் கொள்கையைச் சொன்ன கையோடு மில் ஒரு விலக்கையும் சொல்கிறார். இந்தக் கோட்பாடு முதிர்ந்த அறிவுடையவர்களுக்கே பொருந்தும், குழந்தைகளுக்குப் பொருந்தாது, இனமே இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது. அத்தகைய மக்களை ஆள்வதில், அவர்களை முன்னேற்றுவதே நோக்கமாக இருக்கும்பட்சத்தில், சர்வாதிகாரமும் முறையான ஆட்சியே. ஓர் அக்பரோ, ஐரோப்பியப் பேரரசன் ஷார்லமேனைப் போன்ற ஒருவரோ கிடைத்தால், அவருக்குப் பணிந்து நடப்பதைத் தவிர அத்தகைய மக்களுக்கு வேறு வழியில்லை என்கிறார். வகுப்புகளில் இந்த வரிகளைச் சங்கடத்தோடு கடந்துவிடுவார்கள். அல்லது இந்த வரிகளை மட்டுமே பிடித்துக்கொண்டு முழு நூலையும் தூக்கியெறிவார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் இதைவிடக் கனமான ஒரு வாக்கியம் இருக்கிறது. உலகத்தின் பெரும்பகுதிக்குச் சரியாகச் சொன்னால் வரலாறே கிடையாது, ஏனெனில் அங்கே வழக்கத்தின் கொடுங்கோன்மை முழுமையாக இருக்கிறது என்கிறார் மில். கீழைத்தேயம் முழுவதும் இதுவே நிலை. அங்கே நீதியென்பதும் உரிமையென்பதும் வழக்கத்தோடு ஒத்துப்போவது மட்டுமே. அதிகார போதை தலைக்கேறிய ஒரு கொடுங்கோலனைத் தவிர வேறு யாரும் வழக்கத்தை எதிர்ப்பதைப் பற்றி நினைப்பதுகூட இல்லை என்கிறார்.

இந்த வரிகள் அச்சாகிக்கொண்டிருந்த வாரங்களில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம் என்பதை வழக்கம் தீர்மானித்தது. வழக்கத்தைச் சர்க்கார் காத்தது. நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் இடுப்புக்கு மேலே உடையின்றி இருக்க வேண்டும் என்பது அந்த வழக்கத்தின் ஒரு பகுதி. ஊதியமில்லாத ஊழிய வேலை, பனையேறிப் பிழைப்பவர்கள்மீது சுமத்தப்பட்ட வரிகள் போன்றவற்றோடு சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். உடை என்பது ஒருவர் யாருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் அடையாளமாக இருந்தது. மயிலாடியில் 1809இல் தொடங்கி, பிறகு நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் வளர்ந்த லண்டன் மிஷனின் சபைகளில் சேர்ந்த நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினார்கள். 1814இல், ரெசிடென்டாக (சமஸ்தானத்தில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக) இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் அணிவதுபோன்ற குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் தோளில் இடும் மேல்முண்டுக்கு, அதாவது தோள்சீலைக்கு, அனுமதி இல்லை.

பெண்கள் அந்த எல்லையில் நிற்கவில்லை. மிஷனரிகளின் மனைவிமார் தைத்துத் தந்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் தோள்சீலையையும் அணிந்தார்கள். 1822இல் கல்குளம் பகுதியில் சந்தைக்குச் சென்ற பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. மிஷனரி சார்லஸ் மீட் அரசுக்கு மனு எழுதினார். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் குப்பாயத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் மீண்டும் வன்முறை வெடித்தது. 1829 பிப்ரவரி 3ஆம் தேதியிட்ட அரச விளம்பரம், நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதைத் தடைசெய்து, குப்பாயத்தை மட்டும் கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்தது. அப்போதும் பெண்கள் நிற்கவில்லை. 1858 நவம்பர் 1ஆம் தேதி, சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் சமம் என்று சொன்ன விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியானது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரியது, சமஸ்தானங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் எங்கள் ஊர்களில் அதைத் தங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் திவான் மாதவராவ் இரு தரப்பையும் எச்சரித்து ஒரு விளம்பரம் வெளியிட்டார். பழைய வழக்கத்தை மீறுவதும் குற்றம், மீறியவர்களைத் தாங்களே தண்டிப்பதும் குற்றம் என்பது அதன் சாரம். 1859 ஜனவரியில் கோட்டாறு, நாகர்கோவில் பக்கங்களில் கலவரம் மூண்டது. வீடுகளும் ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

வழக்கத்தை எதிர்ப்பதைப் பற்றிக் கீழைத்தேயத்தில் எவரும் நினைப்பதில்லை என்று மில்லின் நூல் அறிவித்தபோது, சந்தைக்கு கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும் சுமந்து சென்ற பெண்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அதையே செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுங்கோலர்களும் அல்லர், அதிகாரம் உடையவர்களும் அல்லர். இதை மில்லின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கோ, அவருடைய நூலைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழக்கு வேறெங்கும் கிடைக்காது என்று தோன்றுகிறது. அந்தப் பெண்கள் அவரைப் படித்ததில்லை. அவர் அவர்களைப் பற்றி எழுதியதில்லை. ஒருவர் மற்றவர்மீது செலுத்திய தாக்கத்தைப் பற்றியதல்ல என் வாதம். வழக்கத்தின் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தத்துவம், அந்தக் கொடுங்கோன்மை சட்டமாகவே இருந்த ஓர் இடத்தில் என்ன ஆகிறது என்பதே கேள்வி.

முதலில், மில் எங்கே பலமாக நிற்கிறார் என்பதைச் சொல்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் அவர் புண்படும் உணர்வைப் பற்றிப் பேசுகிறார். தங்களுக்குப் பிடிக்காத நடத்தையையெல்லாம் தங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்காகவே கருதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் தம் கருத்தின்மீது கொண்டுள்ள உணர்வையும், அவர் அக்கருத்தைக் கொண்டிருப்பதால் புண்படும் இன்னொருவரின் உணர்வையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பணப்பையைப் பறிக்க விரும்பும் திருடனின் ஆசையையும், அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பும் உரியவரின் ஆசையையும் சமமாக வைக்க முடியாததைப்போல என்கிறார்.

திருவிதாங்கூர் சர்க்காரின் விளம்பரங்களை இந்த வரிகளோடு சேர்த்துப் படித்தால், அவற்றின் உள்ளே ஓடும் வாதம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பெண் தன் தோளில் துணி போடுவதால் யாருடைய நிலமும் பறிபோகவில்லை, யாருடைய உடம்பிலும் காயம் படவில்லை. பாதிக்கப்பட்டது பார்ப்பவர்களின் மனம் மட்டுமே. அந்த மனம் புண்பட்டால் கலவரம் வரும். கலவரம் வந்தால் அமைதி கெடும். ஆகவே புண்படுத்தியவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். இரு தரப்பையும் எச்சரிக்கும் விளம்பரம் நடுநிலையானதுபோலத் தோன்றும். ஆனால் துணி அணிந்ததையும் துணியைக் கிழித்ததையும் அருகருகே வைத்து இரண்டையும் மீறல் என்று சொல்லும்போதே நடுநிலை போய்விடுகிறது. தீங்குக் கொள்கையை மட்டும் படித்த மாணவர், கலவரமும் தீங்குதானே, அதைத் தடுக்க அரசு இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது சரிதானே என்று கேட்கக்கூடும். கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை முதல் அத்தியாயத்தில் இல்லை. நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆகையால் இந்த நூலின் இதயம் தீங்கு எது என்ற வரையறையில் இல்லை, புண்படுதல் தீங்காகாது என்ற மறுப்பில் இருக்கிறது என்று நான் கொள்கிறேன். பெரும்பான்மையினரின் மனம் கோணாமல் நடந்துகொள்வதே பொது அமைதி என்று எண்ணும் எந்த நிர்வாகத்தின் முன்னும் வைக்க வேண்டிய பக்கம் அது.

இனி அந்த விலக்குக்கு வருகிறேன். பின்தங்கிய மக்களை முன்னேற்றச் சர்வாதிகாரம் தகும் என்ற முதல் அத்தியாயத்தின் கூற்றை, மில் தாமே நான்காம் அத்தியாயத்தில் வலுவிழக்கச் செய்கிறார். அமெரிக்காவின் மார்மன் மதப்பிரிவினரைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒரு சமூகத்தை நாகரிகப்படுத்தும்படி கட்டாயப்படுத்த இன்னொரு சமூகத்துக்கு உரிமை இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்கிறார். அதோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கிறார்: மோசமான சட்டத்தால் துன்பப்படுபவர்கள் தாமே பிறரின் உதவியைக் கோராதவரை, தொடர்பில்லாதவர்கள் உள்ளே புகக் கூடாது. இந்த நிபந்தனையை நான் நெடுநாள் அழுத்தமின்றியே படித்துவந்தேன். உரையாசிரியர்களும் அதில் அதிகம் நின்றதில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தின் கதை முழுவதும் அந்த நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது. துன்பப்பட்டவர்கள் கேட்டார்கள். நீதிமன்றத்தில் கேட்டார்கள், மிஷனரிகள் வழியாகக் கேட்டார்கள், ரெசிடென்டிடமும் சென்னை அரசிடமும் மனு எழுதிக் கேட்டார்கள்.

1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், ரெசிடென்ட் ஜெனரல் கல்லனுக்கு எழுதி, திருவிதாங்கூர் அரசின்மீது அழுத்தம் கொடுத்தார். உண்மையும் நீதியும் மட்டுமல்லாமல் பொதுவான மனித உணர்வும் முழுவதுமாக ஒரே பக்கத்தில் நிற்கும் விவகாரம் இது என்பது அவர் கருத்து. டிரெவெலியன் மில்லுக்கு அந்நியர் அல்லர். 1854இல் டிரெவெலியனும் நார்த்கோட்டும் பரிந்துரைத்த சிவில் சர்வீஸ் தேர்வுமுறைச் சீர்திருத்தத்தை மில் எழுத்து வழியாக ஆதரித்திருந்தார். அந்த ஆளுநரின் தலையீட்டை மில்லின் நூலைக்கொண்டு இருவிதமாக விவரிக்கலாம். முதல் அத்தியாயத்தின்படி, குழந்தைப் பருவத்தில் இருக்கும் மக்களை மேலிருந்து முன்னேற்றிய செயல் அது. நான்காம் அத்தியாயத்தின்படி, துன்பப்பட்டவர்கள் அழைத்ததால் வந்த உதவி அது. செயல் ஒன்றே. ஆனால் முதல் விவரிப்பில் அந்தப் பெண்கள் காப்பாற்றப்பட்ட பொருட்கள். இரண்டாவதில் அவர்கள் வாதிகள். ஆவணங்களின் கால வரிசை இரண்டாவதையே உறுதிசெய்கிறது, ஏனெனில் டிரெவெலியன் சென்னைக்கு வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வழக்கு பத்மநாபபுரத்தில் நடந்துவிட்டது. மனு எழுதவும் வழக்காடவும் மறுக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் கோரவும் தெரிந்த மக்களைக் குழந்தைகள் என்று அழைக்க, மில்லின் நூலே இடம் தரவில்லை. அதில் முதிர்ச்சிக்கு அவர் வைக்கும் அளவுகோல், உரையாடலாலும் விவாதத்தாலும் மாறக்கூடியவர்களாக இருப்பது. அந்த அளவுகோலை 1859இன் திருவிதாங்கூருக்குப் பயன்படுத்தினால், மனு எழுதியவர்கள் தேறுகிறார்கள். துணியைக் கிழித்தவர்களும் அவர்களுக்கு அஞ்சிய சர்க்காரும் தேறவில்லை.

இதுவரை சொன்னது மில்லை அவருடைய சொற்களைக்கொண்டே திருத்துவது. இனிச் சொல்வது அவர் யோசிக்காத ஒன்று; எனக்கு இதுவே முக்கியம்.

மில் கண்ட இங்கிலாந்தில் ஆபத்து, எல்லாரும் ஒரேமாதிரி ஆகிவிடுவது. ஒரே நூல்களைப் படித்து, ஒரே செய்திகளைக் கேட்டு, ஒரே இடங்களுக்குச் சென்று, மனிதர்கள் ஒருவரைப்போல ஒருவர் ஆகிறார்கள் என்று அவர் அஞ்சினார். பிறரைப் பார்த்துத் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்பவருக்குக் குரங்கின் பாவனைத் திறனைத் தவிர வேறெந்தத் திறனும் தேவையில்லை என்று கடுமையாகவே எழுதினார். ஆகவே சுதந்திரத்தின் அடையாளமாக அவர் வேறுபாட்டைக் கண்டார். உடையைப் பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது: முன்னோரின் நிலையான உடைகளை நாம் கைவிட்டுவிட்டோம், ஆனாலும் ஒவ்வொருவரும் மற்றவர்களைப்போலவே உடுத்தியாக வேண்டும் என்கிறார்.

தெற்குத் திருவிதாங்கூரில் கட்டளை நேர் எதிரானது. இங்கே யாரும் யாரையும்போல இருக்கக் கூடாது என்பதே சட்டம். 1814இன் உத்தரவு, 1829இன் விளம்பரம், 1859இன் விளம்பரம் மூன்றையும் வரிசையாகப் படித்தால், மறைப்பது என்ற கேள்வியில் அரசு படிப்படியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்ததைக் காணலாம். குப்பாயம் போடலாம், மீனவப் பெண்கள் கட்டுவதுபோல முரட்டுத் துணி கட்டலாம், வேறெந்த வகையிலும் மறைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரசு கடைசிவரை அசையவில்லை: உயர்சாதிப் பெண்களைப்போல இருக்கக் கூடாது. அப்படியானால் தகராறு மானத்தைப் பற்றியது மட்டும் அல்ல. நம்மூர் மேடைகளில் இந்தப் போராட்டம் பெரும்பாலும் மானம் காத்த போராட்டமாகவே பேசப்படுகிறது. அது உண்மையின் ஒரு பாதி. மானம் மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால் 1814லேயே குப்பாயத்தோடு கிறிஸ்தவப் பெண்கள் நிறைவடைந்திருப்பார்கள். குப்பாயத்துக்கு மேலே அவர்கள் போட்ட அந்த இரண்டாவது துணிக்கு உடலை மறைப்பதில் வேலையே இல்லை. அது, உன்னைப்போலவே நானும் உடுத்துவேன் என்ற கூற்று.

மில்லின் மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே பொருத்தினால் அந்தப் பெண்கள் பாவனை செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். பிற்காலத்து ஆய்வாளர்களில் சிலரும், மேல்சாதியைப் பார்த்துச் செய்தல் என்ற கட்டத்துக்குள் இதை வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். மில் அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொல்லும் ஒரு காரணத்தைக் கவனிக்க வேண்டும். மனிதரின் காணும் திறனும் தீர்ப்பிடும் திறனும் ஒழுக்க உணர்வும் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே பயிற்சி பெறுகின்றன. வழக்கம் என்பதற்காக ஒன்றைச் செய்பவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே அடிப்படை தேர்வு. வேறுபாடு அதன் விளைவுகளில் ஒன்று மட்டுமே. ஒற்றுமையைக் கட்டாயப்படுத்தும் நாட்டில் தேர்வு வேறுபாடாக வெளிப்படும். வேறுபாட்டைக் கட்டாயப்படுத்தும் நாட்டில் தேர்வு ஒற்றுமையாகத்தான் வெளிப்படும். அடுத்தவரைப்போல உடுத்துவதற்கு அடியும் தீயும் விலையாகக் கேட்கப்பட்ட இடத்தில், அப்படி உடுத்தியவரே வழக்கத்தை மீறி நின்ற தனிமனிதர். மில் தம் சொந்த நாட்டின் நோயை வைத்து மருந்தின் பெயரை எழுதிவிட்டார். மருந்தின் குணம் அவர் எழுதிய பெயரைவிட விரிவானது.

இதை எங்களுக்குப் புரியவைக்க, அய்யாவழியினரின் தலைமைப் பதி உள்ள சாமித்தோப்பு இருக்கிறது. அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்ட சுவாமிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். இத்தகைய பெயரை நாடார் வீட்டுப் பிள்ளை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எதிர்ப்பால் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பெயரிலும்கூட ஒன்றுபோல இருக்கக் கூடாது என்ற கட்டளையின் கீழ் வளர்ந்தவர், பிற்காலத்தில் தம்மைப் பின்பற்றிய ஆண்கள் அனைவரையும் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலைப்பாகை அன்று உயர்ந்தோரின் உரிமை. சிங்காரத்தோப்புச் சிறையில் மன்னர் அவரை அடைத்தும் அந்தக் கட்டளை மாறவில்லை. இன்றும் அய்யாவழியின் வழிபாட்டிடங்களான பதிகளுக்கும் நிழல் தாங்கல்களுக்கும் செல்லும் ஆண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே உள்ளே போகிறார்கள். உள்ளே வணங்குவதற்குக் கண்ணாடி இருக்கிறது. எல்லாத் தலைகளிலும் ஒரே தலைப்பாகை என்பதை மில் பார்த்திருந்தால் ஒருவேளை சீருடை என்று நினைத்திருப்பார். ஆனால் அந்தத் தலைப்பாகையோடு கண்ணாடியின் முன் நின்றவர், அதற்கு முன் தம் வாழ்நாளில் தம்மைப் பற்றித் தாமே எதையும் தீர்மானிக்க அனுமதிக்கப்படாதவர். பொதுக் கிணறும், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ட பந்தியும் இதோடு சேர்ந்தவையே. தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்று அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு சொல்வதும், வெள்ளையரையும் அனந்தபுரத்து (திருவிதாங்கூர்) அரசையும் ஒருங்கே நீசர் என்று அது கண்டிப்பதும், மில்லின் நூலுக்குப் பல ஆண்டுகள் முந்தியவை.

இன்னொன்றும் இங்கே புலப்படுகிறது. மில்லுக்குத் தனிமனிதர் தொடக்கப்புள்ளி. அவரிடமிருந்துதான் வாதம் புறப்படுகிறது. எங்கள் வரலாற்றில் தனிமனிதர் கடைசியாக வந்து சேருகிறார். 1814இல் உரிமை மதத்தோடு ஒட்டியிருந்தது. கிறிஸ்தவராக இருந்தால் மட்டுமே குப்பாயம். 1859இல் அது சாதிக்குக் கிடைத்தது. மதம் எதுவானாலும் நாடார் பெண்கள் மறைத்துக்கொள்ளலாம். 1865இல் எஞ்சிய சாதிகளின் பெண்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகே, ஒரு பெண் எந்தச் சாதி என்று கேட்காமல் அவள் உடுத்தியதை ஏற்கும் நிலை மெல்ல வந்தது. சபையும் சமுதாயமும் இல்லாமல் இந்தப் படிகளில் எதையும் ஏறியிருக்க முடியாது. கூட்டத்தைத் தனிமனிதரின் எதிரியாக மட்டுமே காணும் தாராளவாதம் இதை விளக்கத் தடுமாறும். ஆனால் ஒருவரை ஏற்றிவிட்ட கூட்டம், பிறகு அவரைக் கையோடு பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடும். அங்கே மில் மீண்டும் தேவைப்படுகிறார்.

வார இறுதிகளில் நூலக அறையொன்றில் சில இளைஞர்களோடு இந்த நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துவருகிறேன். மேலே சொன்னதை அவர்களிடம் சொன்னபோது, நர்சிங் படிக்கும் ஒரு பெண் தன் வீட்டைப் பற்றிப் பேசினாள். ஷால் போடாமல் முற்றத்தைத் தாண்டி இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. “நம்ம முன்னோர்கள் இதுக்காக அடிபட்டவங்க, அதை மறக்காதேன்னு அப்பா சொல்லுவாங்க, டீச்சர்” என்றாள். அவளுக்கு எதிரே இருந்த ஓர் இளைஞர் அந்தத் தந்தையின் பக்கம் நின்றார். பெரும் விலை கொடுத்து வாங்கிய ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது கடமை, அது சமுதாயத்தின் மானம் என்பது அவர் வாதம். அதை அவர் அக்கறையோடுதான் சொன்னார், யாரையும் அடக்கும் எண்ணத்தோடு அல்ல.

நான் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றேன். 1822இல் சந்தைக்குப் போன பெண்களுக்கு என்ன அணிய வேண்டும் என்று சொல்ல ஊரும் சர்க்காரும் இருந்தன. அவர்கள் இரண்டின் சொல்லையும் கேட்கவில்லை. அவர்கள் வென்றெடுத்தது துணி என்றால் அதைப் பேத்திகளின் தோளில் கட்டாயமாகப் போட்டு வைப்பது காத்தல் ஆகும். அவர்கள் வென்றெடுத்தது தீர்மானிக்கும் உரிமை என்றால், அதே துணியைக் கட்டாயமாக்குவது அந்த வெற்றியைத் திருப்பி எடுத்துக்கொள்வது. அந்தப் பெண் ஷால் போடாமல் நடந்தால் புண்படுவது பிறர் மனம். அந்த மனத்துக்கும் அவளுடைய மனத்துக்கும் சமநிலை கிடையாது என்ற நான்காம் அத்தியாயத்தின் வாதம், தந்தைக்கும் ஊருக்கும் சபைக்கும் பொருந்தும். 1859க்கு முன் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுபோல இருக்கும் உரிமை. இப்போது எங்கள் வீடுகளுக்குள் வேண்டியிருப்பது மில் அஞ்சிய அதே ஒற்றைத்தன்மையிலிருந்து விலகும் உரிமை. ஒரே நூலின் இரு பக்கங்கள் ஒரே ஊருக்கு வெவ்வேறு நூற்றாண்டில் தேவைப்படுகின்றன.

அந்த இளைஞர் இதை ஏற்கவில்லை. சமுதாயமாகச் சேர்ந்து நின்றதால்தான் அந்த உரிமை கிடைத்தது என்று நானே சொல்லிவிட்டு, சமுதாயத்தின் சொல்லுக்கு இனி மதிப்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சமுதாயம் அறிவுரை சொல்லலாம், வற்புறுத்திப் பேசலாம், மனம் வருந்துவதையும் வெளிப்படுத்தலாம். அவற்றையெல்லாம் மில்லும் அனுமதிக்கிறார். முற்றத்தின் வாசலில் தடுத்து நிறுத்துவதை மட்டும் அனுமதிக்கவில்லை என்று பதில் சொன்னேன். அறிவுரைக்கும் தடைக்கும் இடையிலான கோட்டை ஒரு வீட்டுக்குள், தந்தையின் சம்பளத்தில் படிக்கும் மகளுக்கு, எங்கே வரைவது என்று அவர் திருப்பிக் கேட்டார். கூட்டத்துக்கான நேரம் முடிந்த பிறகும் அந்தப் பெண்ணும் அவரும் நூலகத் திண்ணையில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போவதற்கு முன் நான்காவதை இன்னொரு முறை படிக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.